‘மதிப்பிடுக’ வினாவில் 4 புள்ளிகள் 8 ஆன விதம்

தங்கச்சி இலங்கையின் ஹட்டனில் சாதாரண தரம் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) படிக்கிறாள். வரலாற்றில் ‘மதிப்பிடுக’ என்று முடியும் வினாவுக்கு மட்டும் எப்போதும் 10க்கு 4தான்.

நீளமாக எழுதச் சொன்னேன். நேரம்தான் போனது. அப்புறம் ஆண்டுகளைப் பாடமாக்கினாள். அந்த 4 அசையவில்லை.

ஒரு ராத்திரி அவள் விடைத்தாளில் தகவல் வரிகளுக்கு நீலக் கோடும், அவளாகத் தீர்மானித்துச் சொன்ன வரிகளுக்குச் சிவப்புக் கோடும் போட்டோம். இலங்கையின் பழைய கோப்பித் தோட்டங்களைப் பற்றிய வினா இதுதான்: ‘கோப்பியின் வீழ்ச்சிக்கு இலைநோயே காரணம். மதிப்பிடுக.’ இரண்டு பக்கமும் முழுக்க நீலம். ‘நோயே’ என்பதில் உள்ள அந்த ‘ஏ’யை நாங்கள் கவனிக்கவே இல்லை. நோய் மட்டும்தானா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்!

இப்போது தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதுகிறாள்: ‘நோய் முதன்மைக் காரணம், ஒரே காரணம் அல்ல.’ பிறகு இரு பக்க வாதங்களையும் வைக்கிறாள். 1869இல் மடுல்சீமையில் கண்ட நோய் விளைச்சலைக் குறைத்தது. ஆனாலும் 1870களில் நல்ல விலை இருந்ததால் தோட்டங்கள் தாங்கின. பிரேசில் கோப்பி பெருகி விலை சரிந்ததும் கடன்பட்ட தோட்டத் துரைமார் விழுந்தார்கள். 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. ஒவ்வொரு தகவலுக்குப் பின்னும் ‘இது எதைக் காட்டுகிறது’ என்று ஒரு வரி.

போன கிழமை 8 புள்ளி. அப்பாடா! எழுதி முடித்ததும் சிவப்பு வரிகள் எத்தனை என்று மனதுக்குள் எண்ணிவிட்டுத்தான் தாளைக் கொடுக்கிறாள்.