எஸ்எஸ்டி வாங்குமுன்: வேகத்தையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் ஃப்ளாஷ் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ். அதன் பெட்டி மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வேகம், ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது கிடைக்கும் உச்ச வேகமாகும். கணினியை அன்றாடம் பயன்படுத்துபவர் அந்த வேலையை அரிதாகவே செய்கிறார். ஆகவே இரண்டு டிரைவ்களை ஒப்பிட விரும்புபவர் அந்த எண்ணைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்டியில் அச்சிடப்படாத வேறு இரண்டு எண்களைத் தேட வேண்டும். அவற்றை எப்படிக் கண்டறிவது, பிறகு விலையோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் கணினி எதை ஏற்கும் என்று பாருங்கள்

டிரைவைக் கணினியோடு இணைக்கும் பழைய முறையான சாட்டாவின் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். ஒவ்வொரு 8 பிட் தரவுக்கும் 10 பிட் அனுப்பப்படுவதால் அது நொடிக்கு 600 எம்பியாக (மெகாபைட்) குறைகிறது. நடைமுறையில் 550 எம்பி அளவில் நின்றுவிடும். புதிய வகையான என்விஎம்இ டிரைவ்கள், மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) உள்ள வேகமான தரவுப் பாதைகளான பிசிஐஇ தடங்களைப் பயன்படுத்துகின்றன. நான்கு தடங்கள் கொண்ட 3.0 தலைமுறையில் சுமார் 3,500 எம்பியும், 4.0 தலைமுறையில் சுமார் 7,000 எம்பியும் எட்டலாம். 4.0 டிரைவை 3.0 ஸ்லாட்டில் பொருத்தினால் அது பழுதின்றி இயங்கும்; ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உச்ச வேகத்தில் பாதிதான் கிடைக்கும். எம்.2 என்பது வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரே அளவுப் பலகையில் சாட்டா டிரைவும் வருகிறது, என்விஎம்இ டிரைவும் வருகிறது. எனவே மதர்போர்டின் கையேட்டைத் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

படி 2: சிறு கோப்பு வேகத்தை அளவிடுங்கள்

விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். லினக்ஸில் எஃப்ஐஓ உள்ளது. மற்ற நிரல்களை மூடிவிட்டு, மடிக்கணினியாக இருந்தால் மின்னிணைப்பில் வைத்துவிட்டு, சோதனையை ஓட்டுங்கள். வழக்கமான அமைப்பில் முடிவுகள் நான்கு வரிகளாக வரும். எல்லோரும் முதல் வரியைப் பார்த்து மகிழ்கிறார்கள். நீங்கள் நான்காவது வரியைப் பாருங்கள். 4 கேபி அளவுள்ள சிறு துண்டுகளை டிரைவின் பல இடங்களிலிருந்து, ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டும் கேட்டு வாங்கும் சோதனை அது. இயங்குதளம் தொடங்குவதும், நிரல்கள் திறப்பதும் பெரும்பாலும் இந்த வகை வேலையையே சார்ந்திருக்கின்றன.

முதல் வரியில் 7,000 காட்டும் டிரைவ் நான்காவது வரியில் 70 எம்பி காட்டினால் அதிர்ச்சி அடைய வேண்டாம், அது நல்ல எண்தான். கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 70 எம்பி என்றால் சுமார் 17,000 துண்டுகள், அதாவது ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 58 மைக்ரோநொடி. அந்த நேரத்தின் பெரும்பகுதி தரவு இருக்கும் நுண்ணறையான ஃப்ளாஷ் செல்லை வாசிப்பதிலும், டிரைவை இயக்கும் சில்லான கன்ட்ரோலரின் வேலையிலும் கழிகிறது. தடத்தை அகலமாக்கினாலும் அது குறையாது. 3.0 டிரைவிலிருந்து 4.0 டிரைவுக்கு மாறியவர்கள் கணினி தொடங்கும் நேரத்தில் பெரிய வேறுபாட்டை உணராததற்குக் காரணம் இதுவே. ஹார்ட் டிஸ்கிலிருந்து முதன்முதலாக எஸ்எஸ்டிக்கு மாறுபவர் அடையும் வியப்புக்கும் காரணம் இதுவே: அங்கே ஒரு துண்டைத் தேடி எடுக்கவே பத்து மில்லிநொடி அளவு ஆகிறது.

படி 3: கேச் தீரும்வரை எழுதிப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் சோதனை இது. டிஎல்சி வகை ஃப்ளாஷ் ஒரு செல்லில் 3 பிட்டும், க்யூஎல்சி வகை 4 பிட்டும் சேமிக்கின்றன. அப்படி நெருக்கி எழுதுவது மெதுவான வேலை என்பதால், டிரைவ் முதலில் காலி செல்களில் செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது அவற்றை நெருக்கி அடுக்குகிறது. இந்தத் தற்காலிக இடமே எஸ்எல்சி கேச். முழுக் காலியாக உள்ள 1 டிபி க்யூஎல்சி டிரைவில் இது அதிகபட்சம் 250 ஜிபி வரை இருக்க முடியும். அதே டிரைவில் முக்கால் பங்கு நிரம்பிவிட்டால் 60 ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடும். 1 ஜிபி மட்டும் எழுதிப் பார்க்கும் வழக்கமான சோதனையில் இந்த உண்மை வெளிப்படவே செய்யாது.

சில ஆண்டுகளுக்கு முன் 300 ஜிபி காணொளிக் கோப்புகளை ஒரு புதிய டிரைவுக்கு நகலெடுத்தேன். முதல் ஒன்றரை நிமிடம் நொடிக்கு 1,800 எம்பி. திரையில் பச்சை வரைபடம் மேசை போலத் தட்டையாக இருந்தது. பிறகு ஒரே சரிவு. எஞ்சிய 140 ஜிபி நொடிக்கு 110 எம்பி வேகத்தில், இருபது நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பழைய ஹார்ட் டிஸ்க் கூட அதைத் தாண்டியிருக்கும்.

ஆகவே வேகமான வேறொரு டிரைவிலிருந்து, வேகம் சரியும்வரை, 200 ஜிபிக்குக் குறையாமல் நகலெடுங்கள்; எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் சரிகிறது, சரிந்தபின் எவ்வளவு நிற்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவைப் பாதி நிரப்பிவிட்டு இன்னொரு முறை செய்தால் இன்னும் நல்லது. சரிவு வெப்பத்தால் வந்ததா என்ற ஐயம் எழுந்தால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்துத் தெளியலாம். இன்னும் வாங்கவில்லை என்றால், நீண்டநேர எழுதும் சோதனையின் வரைபடத்தை வெளியிடும் மதிப்புரைகளை மட்டும் நம்புங்கள்.

படி 4: விலையைக் கணக்கிடுங்கள்

விலையைக் கொள்ளளவால் வகுத்தால் ஒரு ஜிபிக்கான விலை கிடைக்கும். தொடக்கத்துக்கு இது போதும். அடுத்து டிபிடபிள்யூ, அதாவது உத்தரவாதத்துக்கு உட்பட்டு எழுதக்கூடிய மொத்தத் தரவு. 1 டிபி டிஎல்சி டிரைவ்களில் 600 டிபி என்ற எண் பரவலாகக் காணப்படுகிறது. க்யூஎல்சியில் இது 200 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதுபவர் ஆண்டுக்கு 7.3 டிபி எழுதுகிறார். 200 டிபியைத் தீர்க்கவே அவருக்கு 27 ஆண்டுகள் வேண்டும். எனவே வீட்டுப் பயன்பாட்டுக்கு இந்த எண்ணைக் கண்டு அஞ்சிக் கூடுதல் பணம் கொடுப்பது தேவையற்றது என்பது என் கருத்து. காணொளி தொகுப்பவர் நிலை வேறு. நாளுக்கு 300 ஜிபி எழுதினால் அதே டிரைவின் கணக்கு இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

விலை வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நான் டிஎல்சி டிரைவையே எடுப்பேன். விளையாட்டுகளை நிறுவி வைக்கவோ, படங்களைச் சேமிக்கவோ மட்டும் என்றால், மலிவான க்யூஎல்சியில் கூடுதல் கொள்ளளவு வாங்குவது அறிவுடைமை. சொந்த டிரேம் (தற்காலிக வேக நினைவகம்) இல்லாத என்விஎம்இ டிரைவ்கள் கணினியின் நினைவகத்தில் சிறு பகுதியைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. சாதாரண வேலைகளில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை.

படி 5: வாங்கியபின் மீண்டும் அளவிடுங்கள்

ஒரே மாடல் பெயரில் உள்ளே இருக்கும் ஃப்ளாஷும் கன்ட்ரோலரும் மாற்றப்பட்டு விற்கப்படுவதுண்டு. ஆகையால் மதிப்புரையில் பார்த்த டிரைவும் உங்கள் கைக்கு வந்த டிரைவும் ஒன்றுதானா என்று, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதைக் கண்டு மட்டும் புகார் எழுத வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.