லூயி நாற்காலிகளைப் பார்க்கும்போது நாம் செய்யும் குளறுபடிகள்

தங்க நிறம், வளைந்த கால், செதுக்கிய பூ. இந்த மூன்றும் இருந்துவிட்டால் போதும், 'விக்டோரியன்' என்றோ 'பரோக்' என்றோ வாய்க்கு வந்த பெயரை வைத்துவிடுகிறோம். நம்மூர் கல்யாண மேடை சோபாவையும் இப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் எத்தனை கை மாறி வந்திருந்தாலும் அதன் பூர்வீகம் பிரான்ஸின் 15-ஆம் லூயி காலத்து ரொக்கோகோ பாணிதான். இங்கிலாந்து ராணி விக்டோரியா அரியணை ஏறியது 1837-ல், அதற்குள் அந்த மன்னர் இறந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பரோக்கையும் ரொக்கோகோவையும் ஒன்றாகக் கட்டுவதுதான் பெரிய தவறு. பரோக் 14-ஆம் லூயி காலத்தது, அவர் ஆண்டது 1643 முதல் 1715 வரை. அந்தக் காலத்துச் சாமான்கள் கனமாக, நிமிர்ந்து, இடமும் வலமும் அச்சு மாறாமல் இருக்கும். நாற்காலியின் முதுகு உயரம், கால்களை இணைக்க நடுவில் குறுக்குச் சட்டம். ஆந்த்ரே ஷார்ல் பூல் என்ற கைவினைஞர் புகழ்பெற்றது அப்போதுதான். ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரே வரைபடத்தில் சேர்த்தே அறுப்பார்கள். அப்புறம் துண்டுகளை மாற்றிப் பொருத்தினால் ஒரு அலமாரிக்கு ஆமை ஓட்டில் பித்தளைக் கொடி, ஜோடி அலமாரிக்குப் பித்தளையில் ஆமை ஓட்டுக் கொடி! ரொக்கோகோவில் இந்த விறைப்பு போய்விடுகிறது. குறுக்குச் சட்டம் காணாமல் போகும், கால் ஆங்கில எஸ் எழுத்துபோல் வளையும், சிப்பியும் இலையும் வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஆகவே தங்கத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்.

அடுத்தது, மன்னர் பெயரைத் தேதியாக எடுத்துக்கொள்வது. நேரான, கீழே போகப் போக மெலிகிற, நீளவாக்கில் வரிப்பள்ளம் வெட்டிய கால் என்றால் 16-ஆம் லூயி பாணி என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் 16-ஆம் லூயி பட்டத்துக்கு வந்தது 1774-ல், அந்த ரசனையோ அதற்குப் பல வருஷம் முன்பே பாரிஸுக்கு வந்துவிட்டது. எரிமலையில் புதைந்துபோன ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738-லும் பொம்பேயில் 1748-லும் தோண்டத் தொடங்கியதிலிருந்து பழைய ரோமானிய வடிவங்கள்மேல் ஒரு மோகம் கிளம்பியிருந்தது. பாரிஸுக்குப் பக்கத்தில் மன்னர்களின் அரண்மனை இருக்கும் வெர்சாயில் உள்ள பெத்தி த்ரியானோன் மாளிகையைப் பாருங்கள், நேர்கோடும் சமச்சீருமாக நிற்கிற அந்தக் கட்டடம் 1768-ல் முடிந்தது, கட்டச் சொன்னவர் 15-ஆம் லூயி. அவருடைய புகழ்பெற்ற உருளை மூடி எழுதுமேசையும் இதேபோல இரண்டும் கெட்டான்தான். 1760-ல் ஓபென் என்ற தச்சர் தொடங்கினார், 1763-ல் அவர் இறந்துவிட, 1769-ல் ரீஸ்னர் என்ற இன்னொரு தச்சர் முடித்தார் (நடுவில் ஓபெனின் மனைவியையும் மணந்துகொண்டார், பட்டறையும் கைக்கு வந்தது). மேசையின் உடம்பில் வளைவு இன்னும் இருக்கிறது, ஆனால் பழைய கோணல்மாணல் அடங்கிவிட்டது. இதை எந்தப் பெட்டியில் அடைப்பது? 'மாறுகாலப் பாணி' என்றே இதற்கு ஒரு தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

பாணியை வயதாக நினைத்துவிட்டால் பணமும் போகும். தாமஸ் சிப்பண்டேல் என்ற ஆங்கிலேயத் தச்சர் 1754-ல் தன் வடிவங்களைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றார். வாங்கிய எந்தத் தச்சரும் அதைப் பார்த்துச் செய்யலாம், செய்தார்கள். அதனால் 'சிப்பண்டேல் நாற்காலி' என்றால் பெரும்பாலும் அந்த மாதிரி நாற்காலி என்றுதான் பொருள், அவர் பட்டறையில் செய்தது என்று அல்ல. பிரான்ஸிலும் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், லூயி பாணிகளை எல்லாம் திரும்பச் செய்து குவித்தார்கள். மட்டமான வேலை என்று சொல்ல முடியாது, சிலது அசலைவிட நறுவிசாக இருக்கும்.

அதனால் முகப்பைப் பார்த்து மயங்காமல் கவிழ்த்துப் பாருங்கள். இழுப்பறையின் அடிப்பலகையிலும் நாற்காலியின் உட்சட்டத்திலும் யாரும் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். கையால் அறுத்த பலகையில் ரம்பத் தடம் நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். வில்போல் வளைந்த தடம் தெரிந்தால் அது வட்ட ரம்பம், 18-ஆம் நூற்றாண்டுச் சாமான் என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். இழுப்பறையின் மூலையில் இரண்டு பலகைகளைப் பல்லோடு பல்லாகக் கோக்கும் டவ்டெயில் இணைப்பின் பற்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தாலும் சந்தேகப்படலாம். பாரிஸ் தச்சர்கள் தங்கள் பெயரை முத்திரையாக அடிக்கும் வழக்கம் 1791-ல் கைவினைஞர்களின் 'கில்டு' சங்கங்கள் ஒழிக்கப்படும் வரை இருந்தது. ஆனால் முத்திரையைப் பின்னால் வந்தவர்களும் அடிக்கலாம், அதை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை.

அறையை அடுக்குவதிலும் ஒரு தவறு உண்டு. வெர்சாயில் இன்று பார்ப்பதெல்லாம் மன்னர் விட்டுப்போனபடியே இருக்கிறது என்று நினைக்கிறோம். 14-ஆம் லூயியே போர்ச் செலவுக்காகத் தன் வெள்ளிச் சாமான்களை 1689-ல் உருக்கிவிட்டார், மிச்சமிருந்ததில் பெரும்பகுதியைப் புரட்சி அரசு 1793, 94-ல் ஏலம் விட்டது. நடுவில் ஒரு டீபாய், அதைச் சுற்றி சோபா என்ற நம் ஹால் ஏற்பாடும் அந்தக் கால வரவேற்பறைகளில் கிடையாது. தட்டை முதுகு நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும், குழிந்த முதுகுள்ள இலேசானவற்றை ஆள் வந்தால் நடுவுக்கு இழுத்துப் போடுவார்கள். அந்தச் சுவரோர நாற்காலிகளின் பின்பக்கம் யார் கண்ணிலும் படாது என்பதால் அங்கே மலிவான துணி போதும் என்று விட்டிருப்பார்கள். பழைய நாற்காலி ஒன்றில் முன்னால் பட்டும் பின்னால் சாதாரணத் துணியும் இருந்தால் யாரோ கஞ்சத்தனமாகச் சரிசெய்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி அதைக் கிழித்துவிடாதீர்கள்.