கம்ப்யூட்டர் சென்டருக்கு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?

அண்ணா நகரிலோ திருமங்கலத்திலோ சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் தொடங்குபவர்கள், "பத்து சிஸ்டம் போடப் போறோம், த்ரீ ஃபேஸ் வாங்கணுமா?" என்று கேட்பார்கள். சிஸ்டம், மானிட்டர், ரூட்டர் எல்லாம் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில், அதாவது கரண்ட் கொண்டுவரும் ஒரே லைனில், ஓடுபவை. அப்படி மூன்று லைன் வரும் த்ரீ ஃபேஸ் வாங்கினாலும் ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கும் வந்து சேர்வது ஒரு ஃபேஸும் ஒரு நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்)தான். ரேக் ரேக்காக சர்வர் அடுக்கும் இடங்களுக்குக் கணக்கு வேறு. உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்லப்போவது ஏசி.

படி 1: லோடைக் கூட்டுங்கள்

ஒரு சிஸ்டம் மானிட்டரோடு சேர்த்து சுமார் 120 வாட். பத்துக்கு 1200. லேசர் பிரின்டர் சூடாகும்போது 800 வாட் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைட், ஃபேன், ரூட்டருக்கு 300. மொத்தம் 2300 வாட். 230-ஆல் வகுத்தால் 10 ஆம்ப். சிங்கிள் ஃபேஸ் இதைத் தாராளமாகத் தாங்கும்.

ஆனால் சித்திரை வெயிலில் பத்து சிஸ்டம் ஓடும் அறையில் பிள்ளைகளை ஏசி இல்லாமல் உட்கார வைக்க முடியாது. ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்கு ஏறக்குறைய 1700 வாட். ஒரு ஏசி போட்டால் மொத்தம் 4000, இரண்டு போட்டால் 5700.

படி 2: 4 கிலோவாட் கோடு

தமிழ்நாட்டில் பொதுவாக 4 கிலோவாட் (4000 வாட்) வரைதான் சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ். அதற்கு மேல் த்ரீ ஃபேஸ். ஒரு ஏசியோடு கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். அடுத்த வருடம் நாலு சிஸ்டம் கூட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே த்ரீ ஃபேஸுக்கு எழுதிக்கொடுப்பது நல்லது. ஏசியே வேண்டாத சின்ன டிடிபி கடைக்கு அந்தச் செலவு வீண். விண்ணப்பிக்கும் முன் உங்கள் பகுதி ஈபி ஆபீஸில் வைப்புத்தொகை, வணிகக் கட்டண விவரம் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: லோடைப் பிரியுங்கள்

இரண்டு ஏசியோடு த்ரீ ஃபேஸ் வாங்கினால், முதல் ஏசி சிவப்பு ஃபேஸில், இரண்டாவது மஞ்சளில், மற்றதெல்லாம் நீலத்தில். அப்போது ஏறக்குறைய 7, 7, 10 ஆம்ப். ஒரே அறையில் இருக்கும் சிஸ்டங்களை ஒரே ஃபேஸில் வைப்பதையே நான் சொல்வேன். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் சுமார் 400 வோல்ட் இருக்கும். பக்கத்துப் பக்கத்து மேசையில் அது இருக்க வேண்டாம். யுபிஎஸ்ஸும் ஒன்றே போதும்: 1200 வாட்டுக்கு 2 கேவிஏ. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. சூடாகும் நொடியில் ஓவர்லோடு காட்டும்.

ஒரு ஃபேஸ் போனால் மாற்றிக்கொள்ள செலக்டர் ஸ்விட்ச் வைப்பது நம் ஊர் வழக்கம். வைக்கலாம். ஆனால் ஏசியை அணைத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஏசியும் சிஸ்டமும் ஒரே ஒயரில் ஏறிவிடும்.

படி 4: நியூட்ரல்

இதைத்தான் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டும். த்ரீ ஃபேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் 300-ஐத் தாண்டிக்கூட ஏறலாம். அந்த ஃபேஸில் சிஸ்டத்தின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை), மானிட்டர், ரூட்டர் எது இருந்தாலும் ஒரே நொடியில் போய்விடலாம். எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) இதைத் தடுக்காது, ஏனென்றால் அது பார்ப்பது கரண்ட்டை, வோல்டேஜை அல்ல. அதனால் எலக்ட்ரீஷியனிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: நியூட்ரலில் தனி ஃபியூஸ் கூடாது, நியூட்ரல் ஒயர் ஃபேஸ் ஒயரைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது, வோல்டேஜ் ஏறினால் கட் செய்யும் கருவி மெயின் போர்டில் வேண்டும்.

பின்னாளில் சிஸ்டங்கள் பெருகி மூன்று ஃபேஸுக்கும் பிரிக்க நேர்ந்தால் இன்னொன்று சேரும். சாதாரண லோடில் மூன்று ஃபேஸ் கரண்ட்டும் நியூட்ரலில் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் இழுக்கும் கரண்ட்டில் 150 ஹெர்ட்ஸ் பகுதி ஒன்று உண்டு. அது கழியாமல் கூடும். ஃபேஸைவிட நியூட்ரல் அதிகம் சூடாவது இதனால்தான்.

எர்த் சரியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) ஒன்றில் எல்லா சிஸ்டத்தையும் கட்டாதீர்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கசியவிடும், சேர்ந்தால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். இரண்டாகப் பிரியுங்கள்.

படி 5: அளந்து பாருங்கள்

வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மதியம் எல்லாவற்றையும் ஓடவிட்டு, எலக்ட்ரீஷியனை டாங் டெஸ்டரால் (ஒயரைக் கவ்விப் பிடித்து கரண்ட்டை அளக்கும் கருவி) மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் அளக்கச் சொல்லி போர்டு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். புதிதாக எது மாட்டினாலும், அளவு குறைந்திருக்கும் ஃபேஸில் மாட்டச் சொல்லுங்கள்.