திருவிதாங்கூர் பற்றிய பழைய நூல்களைத் தேடி எடுத்துப் படிப்பது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, செங்கோட்டை வட்டாரத்துக்காரர்கள் தங்கள் ஊரின் பழைய கதையைத் தேடத் தொடங்கினால் வழக்கமாகத் திருநெல்வேலி கெசட்டியரைத்தான் (மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்) முதலில் புரட்டுவார்கள். அதில் அதிகம் கிடைக்காது. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்திருக்கவில்லை. அவற்றின் ஆறு, குளம், மலை, கோயில், வரி, மழை எல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நூல்களில்தான் பதிவாகியிருக்கின்றன. அந்த நூல்களில் பெரும்பாலானவை இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும் அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையான வருத்தம். அந்த வருத்தத்தில்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். கணினியில் கோப்பை இறக்கவும் பி.டி.எஃப் திறக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த நூலில் தொடங்குவது?

வி. நாகம் ஐயா ஆங்கிலத்தில் எழுதிய 'டிராவன்கூர் ஸ்டேட் மானுவல்' (சமஸ்தானத்தைப் பற்றிய அரசுக் கையேடு), 1906. மூன்று தொகுதிகள். யார் கேட்டாலும் இதையே முதலில் சொல்வேன். முதல் தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலை, ஆறு, கடற்கரை, மழை, மரம், விலங்கு என்று நிலத்தைச் சொல்லிவிட்டுத்தான் அது அரசர்களுக்கு வருகிறது. அந்த வரிசையே எனக்குப் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைப்பு மனதில் பதிந்த பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதற்குத் தனி விளக்கமே தேவைப்படாது.

டி. கே. வேலுப்பிள்ளை எழுதிய 1940-ஆம் ஆண்டு மானுவல் நான்கு தொகுதிகள். புதிய செய்திகள் அதில் அதிகம், ஆனால் தொடக்கநிலை வாசகருக்கு அது இரண்டாம் நூலாகத்தான் இருக்க வேண்டும். பி. சங்குண்ணி மேனோனின் 1878-ஆம் ஆண்டு வரலாறு அரச பரம்பரையை விரிவாகச் சொல்வது. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மெட்டீர் 1871-லும் 1883-லும் எழுதிய இரண்டு நூல்களும் மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றியவை. வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை நாடு முழுவதையும் அளந்து எழுதிய அறிக்கை 1863-இல் அச்சில் வந்தது. ஊர் ஊராக நில அமைப்பு வேண்டுமென்றால் அதற்கு நிகரான நூல் இல்லை.

படி 2: தேடுதல்

என் விருப்பம் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச மின்னூலகம்தான். கூகுள் புக்ஸில் தேடுவது எளிது, ஆனால் இந்தியாவிலிருந்து பார்க்கும்போது காப்புரிமை முடிந்த பல நூல்கள்கூட முழுமையாகத் திறப்பதில்லை. மலையாள அச்சு நூல்களுக்கு 'கிரந்தப்புரா' மின்னூலகமும், ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் 2018-இல் இணையத்தில் திறந்துவைத்த, ஜெர்மானியப் பாதிரியார் ஹெர்மன் குண்டர்ட்டின் நூல் தொகுப்பும் நல்லவை. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

தேடும்போது இன்றைய பெயர்களைத் தட்டாதீர்கள். ஆங்கில எழுத்தில் 'டிராவன்கூர்', 'குயிலான்' (கொல்லம்), 'டிரிவான்ட்ரம்' என்ற பழைய வடிவங்கள்தான் வேலை செய்யும். திருவனந்தபுரம் என்ற பெயர் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்திலும் வழக்கத்துக்கு வந்தது 1991-இல்தான். ஆசிரியர் பெயரிலும் இதே சிக்கல் உண்டு: நாகம் ஐயாவை ஒரு பட்டியலில் 'ஐயா' என்றும் இன்னொன்றில் 'ஐயர்' என்றும் எழுதியிருப்பார்கள். சங்குண்ணி மேனோனை 'ஷங்கூனி' என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் பெயரை விட்டுவிட்டு நூலின் தலைப்பில் ஒரே ஒரு சொல்லை மட்டும் கொடுத்துத் தேடினால் இவற்றில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

படி 3: இறக்குவதற்கு முன் பிரதியைச் சோதியுங்கள்

நூலகங்களில் ஸ்கேன் செய்யப்பட்ட பிரதிகளில் தொகுதி எண் மாறிக் கிடப்பது சர்வசாதாரணம். தலைப்பில் முதல் தொகுதி என்றிருக்கும், உள்ளே இரண்டாவது இருக்கும். எண்ணே போடாமல் மூன்று தொகுதிகளையும் ஒரே பெயரில் ஏற்றிவைத்திருப்பதும் உண்டு. எனவே இணையத்திலேயே புரட்டிப் பாருங்கள். முதலில் தலைப்புப் பக்கம், அடுத்து பொருளடக்கம், பிறகு கடைசிப் பக்கம். பொருளடக்கத்தில் உள்ள கடைசி அத்தியாயம் நூலின் முடிவில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் பக்க எண் தொடர்ச்சியையும் சரிபாருங்கள்.

மடித்து ஒட்டிய வரைபடங்கள் இதைவிடப் பெரிய தொல்லை. பழைய நூல்களில் பெரிய வரைபடங்களை மடித்து வைத்து பைண்டு செய்திருப்பார்கள். ஸ்கேன் செய்தவர் அதை விரிக்காமலே படம் எடுத்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது மடிப்பின் பின்புறத்து வெறும் காகிதம்தான். அப்படிப்பட்ட பிரதியை எழுத்துக்காக வைத்துக்கொண்டு, வரைபடத்துக்காக வேறொரு நூலகத்தின் பிரதியைத் தேடுங்கள். ஒரே நூலுக்கு நான்கைந்து பிரதிகள் இருப்பது இந்த மாதிரி நேரத்தில்தான் உதவும்.

கேரள அரசின் கெசட்டியர் துறை இரண்டு மானுவல்களையும் மறுபதிப்பாக வெளியிட்டிருக்கிறது. நெடுநேரம் உட்கார்ந்து படிக்க அச்சுப் புத்தகம்தான் சிறந்தது. தேடுவதற்கு ஸ்கேன். இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: நூலுக்குள் ஊரைத் தேடுதல்

இன்டர்நெட் ஆர்கைவின் வாசிப்புத் திரையில் நூலுக்குள்ளேயே சொல் தேடும் வசதி இருக்கிறது. ஆனால் கணினி பழைய அச்சைப் படிக்கும்போது எழுத்துகளை மாற்றிவிடும். ஆங்கில 'என்' எழுத்து 'யு' ஆகிவிடும், 'எச்' எழுத்து 'பி' ஆகிவிடும். ஊர் கிடைக்கவில்லை என்றால் பெயரின் நடுவிலுள்ள மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு சொந்த அட்டவணை தயாரித்துக்கொள்வது நல்லது. ஆரல்வாய்மொழி 'ஆரம்போலி' என்றிருக்கும். உதயகிரி 'உதகெரி' என்றும், அஞ்சுதெங்கு 'அஞ்செங்கோ' என்றும், கொடுங்கல்லூர் 'கிராங்கனூர்' என்றும் இருக்கும். எக்செல் போன்ற அட்டவணைக் கோப்பில் ஒரு பத்தியில் இன்றைய பெயர், அடுத்ததில் பழைய வடிவங்கள், மூன்றாவதில் நூலும் பக்கமும். இதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டாம்.

படி 5: கொல்லம் ஆண்டு

நான் வெகுகாலம் தேங்கி நின்ற இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

திருவிதாங்கூர் நூல்களில் நாள்கள் பெரும்பாலும் கொல்லம் ஆண்டில் இருக்கும். இது கி.பி. 825-இல் தொடங்கியது. பலரும் '825 கூட்டினால் போதும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்க மாதம் முதல் தேதி, நம் ஆவணி, அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதி. ஆகவே:

ஆவணி தொடங்கி டிசம்பர் 31 வரை: கொல்லம் ஆண்டு + 824.
ஜனவரி 1 தொடங்கி ஆடி முடிய: கொல்லம் ஆண்டு + 825.

மாதப் பெயர்கள் ராசிப் பெயர்களாக இருக்கும். நமக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் இரண்டும் ஒரே சூரிய மாதங்கள். சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் முதல் பக்கத்தைப் பாருங்கள், கொல்லம் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள்.

மூன்று எடுத்துக்காட்டுகள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படித்தானம் 925 மகரம் 5. தை மாதம், ஆகவே 825 கூட்ட வேண்டும்: 1750 ஜனவரி. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராகக் குண்டறையில் வெளியிட்ட விளம்பரம் (பொது அறிவிப்பு) 984 மகரம் 1: 1809 ஜனவரி. அடுத்த மாதமே, பிப்ரவரி 10-இல், ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்தது. மூன்றாவது, கேரளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்று சொல்லும் பெருவெள்ளம். 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை, ஆகஸ்ட். ஆயிரத்தை விட்டுவிட்டுச் சொல்லும் வழக்கம் நூல்களிலும் உண்டு, கவனியுங்கள். அந்த வெள்ளம் வடிவதற்குள் சிங்கம் பிறந்து 1100 ஆகிவிடும். ஆண்டும் அதே 1924-தான், ஆனால் இப்போது கூட்ட வேண்டியது 824.

மாதம் சொல்லாமல் 984 என்று ஆண்டு மட்டும் இருந்தால் '1808-09' என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால் பின்னால் யாராவது அதையே மேற்கோள் காட்டுவார்கள்.

*பின்சேர்க்கை:* வில்லியம் லோகனின் 1887-ஆம் ஆண்டு மலபார் மானுவலைப் படித்த வாசகர் ஒருவருக்கு இந்தக் கணக்கு ஒரு மாதம் இடித்தது. வடமலபாரில் கொல்லம் ஆண்டு பிறந்தது கன்னி மாதத்தில், நம் புரட்டாசியில். அந்தப் பகுதி ஆவணமென்றால் ஆவணி மாதத்துக்கும் 825-தான் கூட்ட வேண்டும். திருவிதாங்கூருக்கும் நெல்லைக்கும் மேலே சொன்னதே சரி.

படி 6: காசுக் கணக்கு

இது எளிது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் இதைவிடச் சற்று மதிப்பு கூடியது. நூலில் எந்த ரூபாய் என்று சொல்லியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பக்கத்தில் வரைபடம்

நிலத்தைப் பற்றிய நூலை வரைபடம் இல்லாமல் படிப்பது பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கச்சேரி கேட்டதாக நினைத்துக்கொள்வதைப் போன்றது. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அமெரிக்க ராணுவத்தின் 1950-களின் இந்திய வரைபடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. அளவு 1:2,50,000. ஊர்ப் பெயர்கள் பழைய எழுத்துக்கூட்டலிலேயே இருப்பதால் நான்காம் படியின் அட்டவணைக்கும் அவை உதவும்.

கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோவில் 'படம் மேலிடுதல்' வசதியைத் திறந்து இந்த வரைபடத்தை ஏற்றுங்கள். ஒளிபுகும் தன்மையைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து மூலைகளை இழுத்துப் பொருத்துங்கள். பொருத்துவதற்கு சாலைகளை நம்பாதீர்கள். கன்னியாகுமரி முனை, பத்மநாபபுரம் கோட்டை, மலை உச்சிகள் போன்ற நகராத அடையாளங்களைப் பிடியுங்கள். கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருள் இன்னும் துல்லியமானதுதான், ஆனால் தொடக்கத்தில் அதைக் கற்க உட்கார்ந்தால் நூல் படிப்பது நின்றுவிடும்.

இனி நூலின் ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பாருங்கள். வார்டும் கானரும் பெரியாற்றை அளந்தபோது தேக்கடி ஏரி கிடையாது. அந்த ஏரியை உண்டாக்கிய முல்லைப் பெரியாறு அணைக்கான 999 ஆண்டுக் குத்தகை 1886-இல், அணை முடிந்தது 1895-இல். மெட்டீரின் முதல் நூல் வந்த 1871-இல் புனலூர் தூக்குப் பாலம் இல்லை, அது 1877-இல் முடிந்தது. நாகம் ஐயா எழுதி முடிப்பதற்குள் ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே 1904-இல் ரயில் வந்துவிட்டது. ஒரே கணவாயைப் பற்றி மூன்று நூல்களையும் படிக்கும்போது அங்கே நடந்து, வண்டி கட்டி, ரயிலேறிப் போனவர்கள் எல்லாரும் வெவ்வேறு காட்டைப் பார்த்திருக்கிறார்கள் என்று புரிகிறது. இந்த நூல்களில் எனக்குத் தீராத ஆசை இதனால்தான்.

படி 8: ஒன்றோடு ஒன்றை வைத்துப் படியுங்கள்

நாகம் ஐயா சமஸ்தான அதிகாரி. சங்குண்ணி மேனோனும் அப்படியே. மெட்டீர் பாதிரியார். யார் எங்கே நின்று எழுதினார்கள் என்பது எழுத்தில் தெரியும். நாடார் பெண்களின் தோள்சீலை (மேலாடை) உரிமைக்கான போராட்டத்தையும் 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசு விளம்பரத்தையும் எடுத்துக்கொண்டு மானுவலையும் மெட்டீரையும் அருகருகே திறந்துவையுங்கள். எதை யார் விரிவாகச் சொல்கிறார்கள், எதைக் கடந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நூலை மட்டும் வைத்து ஊர் வரலாறு எழுதுகிறவர்களிடம் இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிந்தால் இடத்துக்கும் போய்ப் பாருங்கள். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான, டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் இலத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். 1777-இல் இறந்தார். அந்தக் கல்வெட்டின் வாசகத்தை நூலில் பார்த்துவிட்டுப் போனால் தேய்ந்த எழுத்துகளும் படிக்கக் கிடைக்கும். காலையில் போங்கள், வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டு தெரியும்.

*பின்சேர்க்கை 2:* பக்கங்களை நம் வலைப்பூவில் போடலாமா என்று கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு, அரசு வெளியீடு என்றால் வெளியான பின் 60 ஆண்டு. 1906, 1940 மானுவல்கள் இரண்டும் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. மறுபதிப்புக்குப் புதிதாக எழுதிச் சேர்த்த முன்னுரைக்கு மட்டும் தனி உரிமை இருக்கலாம், அதைத் தொடாதீர்கள். படம் போடும்போது நூல், தொகுதி, பக்க எண் மூன்றையும் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.