பீங்கான் சவ்வில் ஹைட்ரஜன் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமில்லை. அதை கேசிஃபையரில், அதாவது குறைந்த காற்றில் எரித்து எரிவாயுவாக்கும் உலையில், போட்டால் வரும் வாயுவில் ஏறத்தாழ 18 சதவீதம் ஹைட்ரஜன், 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 12 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 2 சதவீதம் மீத்தேன் இருக்கும்; மீதி நைட்ரஜன். புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அணுவின் கருவை, கடத்தும் பீங்கான் சவ்வை 700 டிகிரி செல்சியஸில் வைத்து, இருபுறமும் நிக்கல் கலந்த மின்முனை பொருத்திக் கரண்ட் கொடுத்தால் ஹைட்ரஜன் மட்டும் மறுபக்கம் வந்து சேரும். இதில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு, உள்ளே போகும் வாயுவை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவது. சவ்வு கெடுவது வாயு வெளியேறும் முனையில்.

சவ்வுக்குப் பயன்படும் பேரியம் சீரேட் (பேரியமும் சீரியமும் சேர்ந்த ஆக்சைடு) புரோட்டானை நன்றாகக் கடத்தும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு பட்டால் பேரியம் கார்பனேட்டாகவும் சீரியம் ஆக்சைடாகவும் உடைந்துவிடும். '12 சதவீதம்தானே, தாங்கும்' என்று விட்டுவிடாதீர்கள். கரி படியாமல் இருக்க நீராவி சேர்க்கிறோம். அந்த நீராவியோடு கார்பன் மோனாக்சைடு வினைபுரிந்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். ஹைட்ரஜனை எடுக்க எடுக்க அந்த வினை இன்னும் முன்னேறும். 100 லிட்டர் வாயுவில் அது முழுதாக நடந்து, ஹைட்ரஜன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு 32 ஆகியிருக்கும், நீராவியைக் கழித்தால் மிச்ச வாயு மொத்தம் 82 லிட்டர்தான். அதில் கார்பன் டை ஆக்சைடு 39 சதவீதம். சவ்வு தாங்க வேண்டியது இந்த அளவை.

அதனால் சீரியத்துக்குப் பதில் சிர்க்கோனியம் கூடுதலாக உள்ள கலவையே (சிர்க்கோனேட்) நல்லது. அதைச் சுட்டு இறுக்குவது சிரமம். தனியாகச் சுட்டால் 1,600 டிகிரிக்கு மேல் போக வேண்டும். 1 முதல் 2 சதவீதம் நிக்கல் ஆக்சைடு சேர்த்தால் 1,450 டிகிரிப் பக்கமே இறுகும். சுடும்போது பேரியம் ஆவியாகிப் போகும், ஆகவே அதே கலவைப் பொடிக்குள் புதைத்துச் சுடுங்கள்.

வோல்டேஜிலும் இதே கதைதான். 700 டிகிரியில் 18 சதவீத ஹைட்ரஜனிலிருந்து ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஹைட்ரஜன் எடுக்க, மின்தடை இழப்பு போக 72 மில்லிவோல்ட் போதும். வெளியேறும் முனையில் அது 2 சதவீதமாகக் குறைந்திருந்தால் 164 வேண்டும். கடைசித் துளியையும் பிழிய வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனால், ஹைட்ரஜன் வற்றிய முனையில் மின்முனையின் நிக்கல், ஆக்சைடாக மாறத் தொடங்கும். கொஞ்சம் மிச்சம் விடுவது நஷ்டமில்லை.

அறை வெப்பத்தில் உள்ள நீர்க் குடுவையில் வாயுவைக் குமிழிட்டு நீராவி சேர்ப்பவர்கள் நம் ஊர்ச் சித்திரை வெயிலை மறக்கக் கூடாது. நீர் 25 டிகிரியில் இருந்தால் வாயுவில் நீராவி 3 சதவீதம், 38-இல் 6.5 சதவீதம். காலை அளவும் மதிய அளவும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். குடுவையை வெப்பம் மாறாத நீர்த்தொட்டியில் வையுங்கள். ஹைட்ரஜன் வரும் பக்கத்தையும் ஈரமாக வைக்க வேண்டும். அங்கே உலர்ந்தால் சீரியம் உள்ள சவ்வில் எலக்ட்ரானும் கசிந்து கரண்ட் வீணாகும்.

அளவெடுப்பதில் ஒரு மோசமான பிழை உண்டு. ஒரு ஆம்பியருக்கு நிமிடத்துக்கு 6.97 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் என்பது 0 டிகிரிக்கும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் உரிய கணக்கு. கோவை 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 30 டிகிரியில் சோப்புக் குமிழ் மானியில், நீராவியும் சேர்ந்து, அதே ஹைட்ரஜன் 8.5 மில்லிலிட்டர் காட்ட வேண்டும். 7 வந்ததும், கரண்ட் முழுதும் ஹைட்ரஜனானது என்று நினைத்து 'நூறு சதவீதம்' என எழுதினால் 18 சதவீத இழப்பு கண்ணில் படாமலே போகும். சவ்வின் விளிம்பை அடைக்கும் சீல் கசிகிறதா என்பதை, மறுபக்க வாயுவில் நைட்ரஜன் இருக்கிறதா என்று பார்த்தே உறுதிசெய்யுங்கள். வந்த ஹைட்ரஜனை அடித்துச் செல்ல அந்தப் பக்கம் நைட்ரஜனையே ஓட்டினால் இது தெரியாது; ஆர்கானை ஓட்டுங்கள்.

தாரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் முன்பே நீங்க வேண்டும். கந்தகம் நிக்கலையும் பேரியத்தையும் ஒருசேரக் கெடுக்கும்.

நிறுத்தும்போது கேசிஃபையர் வாயு ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஃபர்னஸை அணைக்காதீர்கள். வெப்பம் இறங்க இறங்க சிர்க்கோனேட்டும் கார்பனேட்டாக மாறக்கூடும். 700 டிகிரியிலேயே வாயுவை நிறுத்தி, 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனுக்கு மாற்றி, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் இறக்குங்கள். 150 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே காற்றுப் பட வேண்டும். சூட்டில் பட்டால் மின்முனையின் நிக்கல், ஆக்சைடாகிப் பருத்துச் சவ்வைப் பிளக்கும். கரண்ட் போனால் கேசிஃபையர் வால்வு தானே மூடவும், நைட்ரஜன் கலவை வால்வு தானே திறக்கவும் வேண்டும். பக்கத்திலேயே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.