வசனம் குத்தினால் பொழுது சாயுமுன் என்ன செய்வது?

இலங்கையில் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் உபதேசியாராக இருக்கிறேன். நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசி முடித்தால் ஆட்கள் கேட்பது, "எப்ப வரும் உபதேசியார்?" என்றுதான். அந்த நாளைப் பிதா ஒருவர்தான் அறிவார், மத்தேயு 24:36. "இன்னைக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

எச்சரிப்பு உங்களுக்கு என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) அல்ல. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசு சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் மண்ணுக்குள் போன சனத்தைப் பாவிகள் என்று யாராவது பேசினால் லூக்கா 13ஐத் திறந்து காட்டுங்கள். அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷம் முன்னமே சொல்லியிருந்தார்கள். ஆனால் போய்க் குடியிருக்க வேறு காணி இல்லாதவன் எங்கே போவான்? அதைக் கீழ்ப்படியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தேவனுடைய எச்சரிப்பில் போகிற வழி திறந்தே இருக்கிறது. தடை நம்முடைய சுணக்கம்தான். சோதோம் அழியப்போகிறது என்று லோத்து சொன்னபோது, மருமக்கள் அவன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். நம்பின லோத்தும் தாமதித்தான். தூதர்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வெளியே விட வேண்டியிருந்தது. தேசாதிபதி பேலிக்ஸ், காவலில் இருந்த பவுலின் பேச்சைக் கேட்டுப் பயந்தே போனான். பயந்தவன் செய்தது, சமயமானபோது கூப்பிடுகிறேன் என்று பவுலை அனுப்பிவிட்டது.

ஆகவே, வசனம் குத்தினவுடனே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். "இனிமே நல்லா இருப்பேன்" என்பது கணக்கில் வராது. யாரிடம், எவ்வளவு, எப்போது? வரி வசூலிக்கிற சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாக என்று கணக்காகச் சொன்னான். இயேசு அதற்கு முன்பே அவன் வீட்டுக்குப் போயிருந்தார் என்பதையும் கவனியுங்கள். இரட்சிப்பை விலைக்கு வாங்க அவன் அதைச் செய்யவில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவரா நீங்கள்? ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கூடுதலாகக் கிலோ வெட்டியிருந்தால், அடுத்த நிறுவையிலேயே சரியாக எழுதுங்கள். யாருடையது என்று தெரிந்ததை அவர்கள் கையில் கொடுங்கள். சீட்டுக்காசோ கடனோ பாக்கியாக இருந்து, சம்பளம் 10ஆம் திகதிதான் என்றால், இன்றைக்கே போய்த் தொகையையும் திகதியையும் சொல்லிவிட்டு வாருங்கள். மரக்கறிப் பாத்தி எல்லைக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5.

குடி மட்டும் வேறு விதம். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அவருக்கு இன்றைய கீழ்ப்படிதல், வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது. ஜெபம் பண்ணியே நிறுத்துங்கள் என்று நான் யாரையும் தனியாக விடுவதில்லை.

செய்ததை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள், சாட்சி நேரத்தில் சபை முழுக்க முழங்க வேண்டாம். 40 நாளில் பட்டணம் கவிழ்க்கப்படும் என்று யோனா சொன்னபோது, நினிவே சனம் அந்த நாள் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அவர்கள் இரட்டும் (துக்கத்துக்கு உடுத்தும் சாக்குத்துணி) உடுத்தினார்கள், உபவாசமும் இருந்தார்கள். ஆனால் தேவன் பார்த்தது அவர்கள் பொல்லாத வழியை விட்டுத் திரும்பின கிரியைகளை என்று யோனா 3:10இல் இருக்கிறது.

இன்னொன்று. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்ட இரவில் லயத்துக்குள்ளே விழிப்பு ஜெபம் வைக்காதீர்கள். பிள்ளைகளையும் கிழடுகளையும் கூட்டிக்கொண்டு, ஒதுக்கித் தந்த பாடசாலைக்குப் போய் அங்கே ஜெபியுங்கள்.