ஹார்ட் டிஸ்குக்கு முன்னால் ஒரு எஸ்எஸ்டி: எல்விஎம் கேச் அமைப்பது எப்படி

பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது, கூடவே சின்ன எஸ்எஸ்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அடிக்கடி தொடும் டேட்டாவின் நகலை எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டால் மொத்த வால்யூமும் வேகமாகத் தெரியும். லினக்ஸில் ஏற்கெனவே எல்விஎம் (டிஸ்குகளின் இடத்தை ஒன்றாகச் சேர்த்து, வால்யூம் எனும் பகுதிகளாகப் பிரித்துத் தரும் வசதி) பயன்படுத்துகிறீர்கள் என்றால் எதையும் மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டாம், இருக்கும் வால்யூமிலேயே கேச்சை மாட்டலாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றலாம். இதே வேலைக்குப் பிகேச், இசட்எஃப்எஸ் எல்லாம் இருந்தும் முதலில் இதைச் சொல்வது அதனால்தான்.

உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள். டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின், ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் என்றால் கண்டிப்பாகப் பலன் உண்டு. 7200 ஆர்பிஎம் டிஸ்கில் ஹெட் இங்கும் அங்கும் நகர்ந்து படிப்பது நொடிக்குச் சுமார் நூறு தடவைதான், எஸ்எஸ்டியில் அது பல்லாயிரம். பெரிய வீடியோக்களை வரிசையாகப் படிப்பதுதான் வேலை என்றால் ஹார்ட் டிஸ்கே போதும். ரேம் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கூட்டுங்கள், காலியான ரேமை லினக்ஸ் தானாகவே கேச்சாக எடுத்துக்கொள்ளும்.

சரி, இனி முக்கியமான முடிவு: ரைட்த்ரூவா, ரைட்பேக்கா? ரைட்த்ரூவில் எழுதும் ஒவ்வொன்றும் ஹார்ட் டிஸ்கிலும் போய்ச் சேர்ந்த பிறகுதான் "முடிந்தது" என்று பதில் வரும். எஸ்எஸ்டி செத்தாலும் டேட்டா பத்திரம், ஆனால் எழுதும் வேகம் அதிகரிக்காது. ரைட்பேக்கில் எஸ்எஸ்டியில் விழுந்ததுமே பதில் வந்துவிடும், ஹார்ட் டிஸ்குக்குப் பிறகு மெதுவாகப் போகும். அந்த இடைவெளியில் எஸ்எஸ்டி போனால் புது டேட்டா போவது மட்டுமல்ல, அங்கங்கே பிளாக்குகள் பழையதாக நிற்பதால் ஃபைல் சிஸ்டமே உடையலாம். ஒற்றை எஸ்எஸ்டியை வைத்துக்கொண்டு தயவுசெய்து ரைட்பேக் போகாதீர்கள். ரைட்பேக்தான் வேண்டும் என்றால் இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டு 1 ஆக்கி (இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி), கரன்ட் போனாலும் தாங்கும் பாதுகாப்பு உள்ளவையாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். பேக்கப் எடுத்துவிட்டு, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டில் ரோட்டா என்ற விவரத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். சுழலும் டிஸ்குக்கு 1, எஸ்எஸ்டிக்கு 0. கூடவே அளவையும் மாடலையும் சரிபாருங்கள், ஏனென்றால் அடுத்த படியில் எஸ்எஸ்டியில் இருப்பது எல்லாம் அழியும். பிவிகிரியேட் கொடுத்து எஸ்எஸ்டியை எல்விஎம்முக்குத் தயாராக்கி, விஜிஎக்ஸ்டெண்டால் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே வால்யூம் குரூப்பில் (எல்விஎம் ஒன்றாகச் சேர்த்த டிஸ்குகளின் தொகுப்பு) சேருங்கள், வேறு குரூப்பில் இருந்தால் கேச் ஆகாது. அப்புறம் எல்விகிரியேட்டால் கேச் வால்யூமை உருவாக்கும்போது கமாண்டின் கடைசியில் எஸ்எஸ்டியின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்; எழுதாவிட்டால் எல்விஎம் அந்த இடத்தை ஹார்ட் டிஸ்கிலேயே எடுத்துவிடக்கூடும், கேச் போட்ட பலனே இருக்காது. முழு எஸ்எஸ்டியையும் கொடுக்காமல் கொஞ்சம் காலியாக விடுங்கள், அதன் ஆயுளுக்கு நல்லது. கடைசியாக எல்விகன்வெர்ட்டில் டைப் கேச், கேச்வால் என்பதற்கு இப்போது உருவாக்கிய வால்யூம், மோட் ரைட்த்ரூ, இலக்காக உங்கள் பழைய வால்யூம். அவ்வளவுதான், ரீபூட் வேண்டாம்.

சிஸ்டமே இருக்கும் ரூட் வால்யூமைக் கேச் செய்கிறீர்கள் என்றால் மட்டும் கூடுதல் கவனம். டெபியன், உபுன்டு வகைகளில் தின் ப்ரொவிஷனிங் டூல்ஸ் பேக்கேஜை நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சின்ன ஃபைல் சிஸ்டம்) புதுப்பித்த பிறகுதான் ரீபூட் செய்ய வேண்டும், இல்லையேல் பூட்டிலேயே நின்றுவிடலாம்.

மாட்டியவுடனே வேகத்தைச் சோதித்துவிட்டு ஏமாறாதீர்கள். எது அடிக்கடி தேவைப்படுகிறது என்று கேச் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும், சில நாள் வழக்கமான வேலை ஓடட்டும். பிறகு வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் கமாண்டில் ரீட் ஹிட்ஸ் (கேச்சில் கிடைத்தவை), ரீட் மிஸ்ஸஸ் (கிடைக்காதவை) இரண்டையும் பாருங்கள். மிஸ்தான் தொடர்ந்து அதிகம் என்றால், நீங்கள் தொடும் டேட்டா கேச்சை விடப் பெரியது, அல்லது ஒரே டேட்டாவைத் திரும்பத் தொடுவதே இல்லை. முதலாவதற்குப் பெரிய எஸ்எஸ்டி உதவும், இரண்டாவதற்கு எதுவும் உதவாது, கழற்றிவிடுங்கள்.

கழற்றுவதற்கு எல்விகன்வெர்ட்டில் அன்கேச் கொடுத்தால் மிச்சமிருப்பதை ஹார்ட் டிஸ்குக்கு எழுதிவிட்டுக் கேச்சை நீக்கும்; ஸ்ப்ளிட்கேச் கொடுத்தால் கேச் வால்யூமை அழிக்காமல் பிரித்து வைக்கும். ரைட்பேக்கில் டர்ட்டி பிளாக்குகள் (ஹார்ட் டிஸ்குக்கு இன்னும் போய்ச் சேராதவை) நிறைய இருந்தால் இது நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். கமாண்ட் முடிந்து, எல்விஎஸ்ஸில் அந்த வால்யூம் சாதாரண வால்யூமாகத் தெரிந்த பிறகு, எஸ்எஸ்டியில் வேறு வால்யூம் மிச்சமில்லை என்று பார்த்து, விஜிரெட்யூஸால் அதை வால்யூம் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டு உருவலாம்.